பனிமலை ஒன்று மலிவாக இருப்பது எதனால்?

ஜப்பானுக்குப் போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வந்தோம் என்றால், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாரும் குளிர் எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. எவ்வளவு ஆச்சு என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதி வீடுகள் தோட்டத்து லயத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்களுடையவை. கார் தவணை, பிள்ளைகளின் படிப்பு, சீட்டு என்று ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் முன்கூட்டியே வேலை இருக்கிறது. போன வருடம் ஈப்போவில் ஒரு பயண முகவரிடம் விசாரித்தேன். அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நாலு பேருக்கு அவர் சொன்ன தொகையில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய மைவி கார் வாங்கிவிடலாம். கடைசியில் நாங்கள் போய் வந்தது அதில் பாதிக்கும் குறைந்த செலவில்.

கணக்குப் போட்டுக் கொடுத்தது அண்ணன் மகன். மலேசிய அரசு 1982-இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையில் ஜப்பானுக்குப் படிக்கப் போன பிள்ளைகளில் அவனும் ஒருவன், நீகாத்தாவில் பொறியியல் படிக்கிறான். முகவர் அனுப்பிய தாளைப் பார்த்துவிட்டு, "அத்தை, இது நிசேக்கோ. பனியில நிக்கவே இன்னும் கத்துக்கல, அதுக்குள்ள உங்களுக்கு எதுக்கு நிசேக்கோ?" என்றான். முகவர் ஏமாற்றவில்லை, அவருக்குத் தெரிந்த மலை அது, அவ்வளவுதான். ஆனால் ஒரு மலை விலையாகவும் பக்கத்து மலை மலிவாகவும் ஏன் இருக்கிறது என்று அன்றைக்கு அவனைக் கேட்க ஆரம்பித்தேன், பிறகு நானே தேடிப் படித்தேன். நம் ஊர்க் குடும்பம் ஒன்று பனிமலைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது தெரிந்திருக்க வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மலிவான மலையில் குறைவாக இருப்பதெல்லாம் முதல்முறை போகிறவருக்குத் தேவையே இல்லாத பொருள்கள்.

முதலில் பனி. வானத்திலிருந்து விழுகிற பனிக்குக் காசில்லை, இயந்திரம் செய்கிற பனிக்கு உண்டு. நீகாத்தா இருப்பது ஜப்பான் கடலைப் பார்த்த பக்கத்தில். குளிர்காலத்தில் சைபீரியாவில் கனத்த குளிர்காற்று திரண்டு ஜப்பானை நோக்கி நகர்கிறது. நடுவில் இருக்கிற கடலில் தெற்கிலிருந்து சுஷிமா நீரோட்டம் வந்து சேர்வதால் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். காய்ந்த காற்று அதன்மேல் வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, கரையோர மலைகளில் மோதி மேலே ஏறுகிறது, ஏறியதும் குளிர்ந்து சுமையை அப்படியே பனியாகக் கொட்டிவிடுகிறது. நமக்கு இந்தக் காற்று அந்நியமில்லை. அதே சைபீரியக் குளிரின் இன்னொரு கிளை தென்சீனக் கடல் வழியாக இறங்கித்தான் வடகிழக்குப் பருவமழையாகக் கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்குகிறது. கோத்தா பாருவில் ஜனங்கள் நிவாரண மையத்துக்குப் போகிற அதே பருவத்தில்தான் நீகாத்தாவில் கூரையேறிப் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இதனால் அங்கே உயரமான மலையே தேவைப்படவில்லை. நாங்கள் இரண்டாம் நாள் போன, நீகாத்தாவில் யுசாவா என்ற ஊரில் இருக்கிற காலா யுசாவா மலையின் மேல்முனை சுமார் 1,180 மீட்டர். நம் தைப்பிங் புக்கிட் லாருட்டின் உயரம் கிட்டத்தட்ட அதுதான். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, உயரத்தில் மூச்சு முட்டுமோ என்று அண்ணி பயந்தார், பயப்படத் தேவையே இருக்கவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடரில் குனோங் கொர்பு 2,183 மீட்டர், அதாவது அந்தப் பனிமலையைவிட ஆயிரம் மீட்டர் உயரம். ஆனாலும் ஆயிரம் மீட்டருக்கு ஆறரை பாகை வீதம்தான் குளிர் கூடுகிறது என்பதால், கீழே நமக்கு வியர்வை வழிகிற நேரத்தில் அதன் உச்சியில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற அளவுக்குத்தான் குளிர் இருக்கும். நாட்டிலேயே உயரமான கினபாலுவின் 4,095 மீட்டரே பனி நிற்கப் போதவில்லை. சரி, அதை விடுவோம்.

கொரியாவிலும் வட சீனாவிலும் கதை வேறு. குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் காற்று காய்ந்தது, பனி போதுமான அளவு விழாது. அங்கே பனியைச் செய்ய வேண்டும். 1950-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பனியில் சறுக்கக் காலில் மாட்டுகிற ஸ்கீ பலகையைச் செய்து விற்றுக்கொண்டிருந்த மூன்று பேர், பனியில்லாத குளிர்காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டதால், தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சிப் பனி செய்யும் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் ஓட்டப் பாதைகள் ஏறக்குறைய முழுக்க முழுக்க இப்படிச் செய்த பனியில் போடப்பட்டவை. அதில் ஃப்ரீஸ்டைல் ஸ்கீயும் ஸ்னோபோர்டும் பெரும்பாலும் நடந்த மலை ஜாங்ஜியாகோவில் இருக்கும் கெந்திங் சீக்ரெட் கார்டன். ஆமாம், நம் நாட்டுக் கெந்திங் மலை விடுதியை உருவாக்கிய லிம் கோ தோங்கின் மகன் லிம் சீ வா கட்டியது. பனியே விழாத நாட்டின் குடும்பம் ஒன்று ஒலிம்பிக்குக்கு மலை கொடுத்திருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஆனால் செலவுக் கணக்கில் பார்த்தால், அணைத் தண்ணீர், பம்பு, மின்சாரம், இரவெல்லாம் ஓடுகிற துப்பாக்கிகள் என்று எல்லாம் டிக்கெட்டில் வந்து உட்கார்ந்துவிடும். யுசாவா போன்ற இடத்தில் அந்தச் செலவில் பெரும்பகுதியை சைபீரியா ஏற்றுக்கொள்கிறது.

அப்புறம் லிஃப்ட், ஆட்களை மலைமேல் ஏற்றுகிற கம்பிவடம். மலையில் மனிதர் செய்து வைக்கிற பொருள்களில் பெரும் பணம் விழுங்குவது இதுதான், இதன் வரலாறோ நம்மைப் போன்ற தோட்டக்காட்டு ஜனங்களுக்கு நெருக்கமானது. நாற்காலி லிஃப்ட் முதலில் ஓடியது 1936-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற இடத்தில். யூனியன் பசிபிக் என்ற ரயில் நிறுவனம், மேற்கே போகிற தன் ரயில்களில் குளிர்காலத்தில் இருக்கைகளை நிரப்பவே அந்த விடுதியைக் கட்டியது. ஆட்களை மலை உச்சிக்கு ஏற்ற வழி தேடியபோது, ஜிம் கரன் என்ற பொறியாளர் தான் முன்பு வெப்பநாட்டுத் துறைமுகத்தில் பார்த்த வேலையை நினைத்துக்கொண்டார். அங்கே வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டி, ஓடுகிற கம்பிவடத்தில் கப்பலுக்கு ஏற்றுவார்கள். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியைப் பொருத்தினால் என்ன என்று யோசித்தார். அதுதான் இன்றைக்கு உலகத்தின் பெரும்பாலான பனிமலைகளில் ஓடுகிற லிஃப்ட். மூணாறில் டாப் ஸ்டேஷனிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்குத் தேயிலையை இறக்கியதும் இதே போன்ற கம்பிவடம்தான். வாழையும் தேயிலையும் இறக்கி ஏற்றிய தொழில்நுட்பத்தில் உட்கார்ந்துதான் பணக்காரர்கள் பனிக்குப் போகிறார்கள் என்று லிஃப்டில் அண்ணன் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு கம்பியை இறுகப் பிடித்திருந்தார், காதில் விழுந்ததோ என்னவோ.

லிஃப்டின் செலவு பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. ஒருவர் உட்கார்ந்தாலும் நூறு பேர் உட்கார்ந்தாலும் மோட்டார் அதே வேகத்தில் சுற்ற வேண்டும், மேலேயும் கீழேயும் ஆள் நிற்க வேண்டும். ஆண்டில் நூறு, நூற்றிருபது நாள் மட்டும் சம்பாதித்து மீதி நாளெல்லாம் பராமரிக்க வேண்டிய சொத்து. இதில் இன்னொரு பயமும் உண்டு, பனியே விழாமல் போனால் என்ன செய்வது? அமெரிக்கப் பெருநிறுவனங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. வெய்ல் (Vail) என்ற நிறுவனம் 2008-இல் எப்பிக் பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, குளிர்காலம் தொடங்கும் முன்பே பணத்தைக் கட்டிவிட்டால் பருவம் முழுக்கப் பல மலைகளில் விளையாடலாம். கட்டுகிறவருக்கு மலிவு, நிறுவனத்துக்கோ பனி விழுவதற்கு முன்பே காசு கைக்கு வந்துவிடுகிறது. பனி பொய்த்தால் நஷ்டம் பெரும்பாலும் வாங்கியவர் தலையில். எல்லாரையும் பாஸ் வாங்க வைக்க ஒரே வழி, அன்றன்றைக்கு வாங்குகிற டிக்கெட்டின் விலையை ஏற்றிவிடுவது. அந்த நிறுவனத்தின் வெய்ல் மலையில் நெரிசல் நாளில் ஒரு நாள் டிக்கெட் 300 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது இப்படித்தான்.

நாம் எப்போதுமே அன்றைக்கு வந்து அன்றைக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள். வாழ்நாளில் ஒருமுறையோ இரண்டு முறையோ போகிறோம், பருவப் பாஸ் நமக்கு எதற்கு? ஆகவே மலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது, அந்த மலை வந்துபோகிறவரை எப்படி நடத்துகிறது என்பதைத்தான். ஜப்பானில் பெரும்பாலான மலைகள் இன்னும் ஒருநாள் டிக்கெட்டை நம்பியே ஓடுகின்றன. அரைநாள், தொடக்கநிலைப் பகுதிக்கு மட்டும், ஒரு ஏற்றத்துக்கு இவ்வளவு என்று சின்னச் சின்னதாகவும் பல இடங்களில் விற்கிறார்கள்.

அங்கே அது சாத்தியமாவதற்குப் பின்னால் ஒரு சோகமான வரலாறு இருக்கிறது. 1980-களின் இறுதியில் ஜப்பானில் பணம் பொங்கி வழிந்த காலத்தில் ஊருக்கு ஊர் ஸ்கீ மலை கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் ஸ்கீ விளையாடியவர்கள் சுமார் 18 மில்லியன் பேர். பொருளாதாரக் குமிழி உடைந்தது, பிள்ளைகள் பிறப்பதும் குறைந்தது, இன்றைக்கு ஸ்னோபோர்டுக்காரர்களையும் சேர்த்தால்கூட அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. நூற்றுக்கணக்கான மலைகள் மூடிவிட்டன. மிஞ்சியிருப்பவற்றில் பல, அந்தக் காலத்து லிஃப்டை வைத்துக்கொண்டு, குறைந்த கூட்டத்துக்கு, குறைந்த விலையில் ஓடுகின்றன. யுசாவா ஊருக்குள் நடந்தால் இது கண்ணெதிரே தெரிகிறது. ஒரு சின்ன மலையூரில் கோலாலம்பூரில் இருப்பதுபோல் அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன, அந்தக் காலத்தில் தோக்கியோக்காரர்கள் விடுமுறைக்காக வாங்கிப் போட்டவை. இன்று அவற்றில் சில வீடுகள் ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்குக்கூட விற்பனைக்கு வருகின்றன, மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்துக்குப் பயந்து யாரும் வாங்குவதில்லை. மாலை ஆறு மணிக்கு அண்ணாந்து பார்த்தேன், ஒரு மாடியில் இரண்டு விளக்குதான் எரிந்தது.

நிசேக்கோ இந்தக் கதையிலிருந்து தப்பித்த மலை. ஹொக்காயிடோவில் இருக்கிறது, பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் பனி, அதுவும் மாவு மாதிரி காய்ந்த பனி. 2000-த்துக்குப் பிறகு ஆஸ்திரேலியர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள், பின்னால் சிங்கப்பூர், ஹாங்காங் பணம் வந்தது, ஒருநாள் டிக்கெட் இப்போது 10,000 யென்னுக்கு மேல். டிக்கெட்டைவிடத் தங்குமிடமும் சாப்பாடும்தான் அங்கே ஆளை அடிக்கும். நல்ல மலைதான், சந்தேகமில்லை, ஆனால் அந்த விலை எதற்கு? முழங்கால் வரை ஆழமுள்ள பனியில் மரங்களுக்கு நடுவே வளைந்து இறங்கத் தெரிந்தவர்களுக்கு. முதல் நாள் நிற்கப் பழகுகிறவருக்கு வேண்டியது மெல்லிய சரிவு, ஐம்பது மீட்டர் நீளம், கூட்டமில்லாத காலைப்பொழுது. அது இரண்டு லிஃப்ட் இருக்கிற ஊர்க் குன்றிலும் கிடைக்கிறது.

யுசாவாவை மலிவாக்கிய இன்னொன்று ரயில். நீகாத்தாக்காரரான தனாக்கா கக்குவே, 1972-இலிருந்து 1974 வரை பிரதமராக இருந்தவர், அரசியலுக்கு வந்த புதிதில், தோக்கியோவுக்கும் நீகாத்தாவுக்கும் நடுவில் நிற்கிற மலைக்கணவாயை வெட்டித் தள்ளிவிட்டால் இங்கே பனியே விழாது என்று மேடையில் பேசினாராம். அந்த ஜனங்களுக்குப் பனி அவ்வளவு பெரிய எதிரியாக இருந்திருக்கிறது. மலையை யாரும் வெட்டவில்லை. அதைக் குடைந்து 1982-இல் ஜோயெட்சு ஷின்கான்சென் வந்தது, அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த பாதை. 1990-இல் அந்த ரயில் நிறுவனமே, எச்சிகோ யுசாவா நிலையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளப் பராமரிப்புக்கு வைத்திருந்த இடத்தில் காலா யுசாவா நிலையத்தைத் திறந்தது. தோக்கியோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். ரயிலை விட்டு இறங்கிப் படியேறினால் வாடகைக் கவுண்டர், உடை மாற்றும் அறை, அதே கட்டடத்திலிருந்து கொண்டோலா, கம்பிவடத்தில் தொங்கிப் போகிற கூண்டு. சன் வேலியில் அமெரிக்க ரயில்காரன் போட்ட அதே கணக்குதான், குளிர்கால இருக்கையை நிரப்பு. நமக்கு இதனால் என்ன லாபம் என்றால், விமான நிலையத்திலிருந்து மலைக்குத் தனி வேன் பிடிக்கிற செலவு இல்லை, அந்த மலைக்காக ஓர் இரவு தங்க வேண்டிய கட்டாயமும் இல்லை, தோக்கியோவில் மலிவான அறையில் இருந்துகொண்டு காலையில் போய் மாலையில் திரும்பலாம். டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிட்டால் காலாவைவிடக் குறைந்த மலைகள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பல இருக்கின்றன. எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தால்தான் ரயிலின் அருமை தெரியும்.

குல்மார்க் போகலாமே, இந்தியாவில்தானே இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். குல்மார்க் மலிவுதான், கொண்டோலாவின் முதல் கட்டம் 1998-இலும் இரண்டாம் கட்டம் 2005-இலும் திறந்தது, இரண்டாவது ஏறி இறங்கினால் அபர்வாத் மலையில் கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் நிற்பீர்கள். 2022 ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கிய ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. ஆனால் மேல்பகுதி பெரும்பாலும் செப்பனிடப்படாத மலை, பனிச்சரிவு அபாயம் உள்ளது, அனுபவசாலிகளுக்கானது. கீழே தொடக்கநிலைச் சரிவுகள் உண்டு, அவையே 2,650 மீட்டர் உயரத்தில். இளைஞர்கள் போகலாம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு முதல் பயணம் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கொரியாவில் செயோலிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய மலைகள் இருக்கின்றன, அங்கே இருப்பது இயந்திரம் செய்த பனி, நெரிசல் அதிகம், ஆனால் பேருந்தும் வாடகையும் சேர்ந்த தொகுப்பு நியாயமான விலையில் கிடைக்கும். பனி எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்தால் போதும் என்றால், குவாங்சோவில் 2019-இல் திறந்த உள்ளரங்கப் பனிக்கூடம் இருக்கிறது, மலேசியருக்கு சீனா இப்போது விசா கேட்பதில்லை.

இனி ஸ்கீயா ஸ்னோபோர்டா என்ற கேள்வி. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு என் பதில் ஸ்கீ, யோசிக்கவே வேண்டாம். ஸ்கீயில் இரண்டு காலும் தனித்தனி, முகம் முன்னால் பார்க்கிறது, முனைகளைப் பீட்சா துண்டு மாதிரிச் சேர்த்துப் பிடித்தால் வேகம் குறைகிறது. அரை நாளில் கொஞ்ச தூரம் இறங்கிவிடலாம், நன்றாக ஆடத்தான் வருடங்கள் ஆகும். ஸ்னோபோர்டு நேர்மாறு. இரண்டு காலும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டப்பட்டிருக்கும், முதல் இரண்டு நாளும் விழுவதும் எழுவதும்தான் வேலை, பின்பக்கமும் மணிக்கட்டும் அடி வாங்கும், ஆனால் அதைத் தாண்டிவிட்டால் வேகமாகக் கைவந்துவிடும் என்கிறான் அண்ணன் மகன். அவன் ஸ்னோபோர்டுக்காரன். அந்தப் பலகைக்கு வயதும் குறைவு. 1965-இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டியதில் ஆரம்பித்தது, வெகுகாலம் மலைகள் அதை உள்ளே விடவில்லை, ஒலிம்பிக்குக்கு 1998 நகானோவில்தான் வந்தது. இன்னும் ஸ்கீக்கு மட்டும் என்று வைத்திருக்கிற மலைகள் உண்டு, அமெரிக்காவின் ஆல்டா மாதிரி. பலகையோடு போகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கவுண்டரில் எடையைக் கேட்பார்கள். தயவுசெய்து உண்மையான எடையைச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுமே என்று அண்ணி ஆறு கிலோ குறைத்துச் சொன்னார். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், சறுக்கும் திறமை எல்லாவற்றையும் வைத்துத்தான் அந்த ஆள் ஒரு திருப்புளியால் ஸ்கீயின் பிடிப்பானில் ஒரு எண்ணைத் திருப்பி வைக்கிறார். விழும்போது எவ்வளவு விசை வந்தால் பூட்ஸ் கழன்றுகொள்ள வேண்டும் என்பது அந்த எண். எண் தப்பினால், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும், அல்லது கழலக்கூடாத நேரத்தில் கழன்று ஆள் விழுவார். ஸ்கீயில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அண்ணி திரும்பிப் போய் எண்ணை மாற்றி வைத்துக்கொண்டார். பூட்ஸுக்குள் ஒரே ஒரு காலுறை, கால்சட்டை முனையைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கணுக்காலுக்கு மேலே சதை நசுங்கி நடக்க முடியாது.

முதல் நாள் நாங்கள் போனது ஊரை ஒட்டிய ஒரு சின்னக் குன்று. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, உடைந்த ஆங்கிலத்தில், கை சாடையோடு கற்றுக்கொடுத்தார். முதல் பாடம் சறுக்குவது இல்லை, ஏறுவது. ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, மேல்பக்க ஓரத்தைப் பனியில் அழுத்தி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓர் அடி, இன்னோர் அடி. அண்ணன் மல்லாந்தார், எனக்கும் கால் பின்னிக்கொண்டது. அம்மா, அறுபத்தேழு வயது, அந்த ஆசிரியை பேசி முடிப்பதற்குள் நாலு அடி மேலே போய்விட்டார். முப்பது வருடம் மலைக்காட்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அம்மா. விடியற்காலை ஈரத்தில், தோளில் காண்டாக் கம்பும் அதன் இரண்டு பக்கம் பால் வாளியுமாக, நிரையிலிருந்து நிரைக்கு ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் ஏறி இறங்கியவர். "நேரா ஏறினா வழுக்கும்டி, பக்கவாட்டுல வெச்சாத்தான் மண்ணு பிடிக்கும்" என்றார் மேலேயிருந்து. அங்கே மண்ணே தெரியவில்லை, எங்கும் வெள்ளை.

செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இன்னும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கணக்கில் பெரிய தொகை விமானம், அடுத்து அறை, பிறகு பயிற்சியும் வாடகையும். லிஃப்ட் டிக்கெட் அதற்கும் கீழேதான். ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டியது தேதியில். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வாரம் வரையும் சீனப் புத்தாண்டு வாரமும் எல்லாமே எகிறும். ஜப்பானில் ஜனவரி இரண்டாம் திங்கள்கிழமை பொது விடுமுறை, அது கழிந்தால் கூட்டம் வடிந்துவிடும். நம் நாள்காட்டியில் சொன்னால், பொங்கல் வைத்துவிட்டுக் கிளம்பித் தைப்பூசத்துக்குள் திரும்பிவிடுவது. பனியும் அப்போதுதான் நன்றாக இருக்கும். சீனப் புத்தாண்டு சில வருடம் முன்னால் வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைக்கு ஈப்போவில் பண்டல் கடைக்குப் போங்கள். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற பழைய துணியில் ஸ்கீ ஜாக்கெட்டும் கால்சட்டையும் தொங்கிக்கொண்டிருக்கும், நம் வெயிலில் யார் வாங்குவார்கள், விலை சொற்பம். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உருண்டு ஓடினால் நல்லது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறையும் கண்ணாடியும் நல்லதாக இருக்கட்டும், தலைக்கவசத்தை வாடகைக்கு எடுங்கள், மருத்துவக் காப்புறுதியில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இது ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. மலை உணவகத்தில் கறிசோறு மலிவாக, சூடாக, நம் ஊர் ஞாபகத்தோடு இருக்கும், ஆனால் அந்தக் குழம்பில் மாட்டிறைச்சியோ பன்றிக் கொழுப்போ பெரும்பாலும் இருக்கும். நாங்கள் கடையில் சோற்று உருண்டை வாங்கி, அம்மா கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயோடு பசியாறினோம்.

அந்தச் சின்னக் குன்றில் லிஃப்டின் கீழ்முனையில் ஒரு பெரியவர் நின்றார். ஒவ்வொரு நாற்காலி திரும்பி வரும்போதும் கையில் இருந்த சின்னத் துடைப்பத்தால் இருக்கையில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, நாங்கள் உட்காருவதற்கு ஒரு கையால் பிடித்துக்கொடுத்தார். நாளெல்லாம் அதே வேலை. அண்ணன் மகன் பேச்சுக் கொடுத்தான். கீழே வயல் வைத்திருக்கிறாராம், கோஷிஹிகாரி நெல். பனி மூடிய ஐந்து மாதம் அங்கே விவசாயம் கிடையாது. அவருடைய அப்பா காலத்தில் குளிர்காலம் வந்தால் ஆண்கள் எல்லாரும் தோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள், வீட்டில் பெண்களும் கிழவர்களும்தான். மலையில் லிஃப்ட் வந்த பிறகு அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த மலை மலிவாக ஓடுவதற்கும், விலை ஏற்றினால் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அவர்கள் கவலைப்படுவதற்கும் இதுவும் ஒரு காரணம், அது அந்த ஊர்க்காரர்களின் வேலைக்களம்.

பனி விழாவிட்டால் என்ன செய்வார் என்று அம்மா கேட்கச் சொன்னார். 2019-20 குளிர்காலத்தில் ஜப்பான் முழுக்கப் பனி பொய்த்தது, பல மலைகள் திறக்கவே முடியவில்லை. அந்த வருடம் தனக்கு வேலை நாள் ரொம்பக் குறைவு, காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன் என்றார் பெரியவர். "எங்களுக்கு மழை பேஞ்சா அப்படி, பெரட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துடுவோம், அன்னிக்குச் சம்பளம் இல்ல" என்று அம்மா தமிழிலேயே அவரிடம் சொன்னார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற இடம் என்பதையும் சேர்த்து அண்ணன் மகன் மொழிபெயர்த்தான். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே அடுத்த நாற்காலியைத் துடைத்தார்.